முசோலினி ஆட்சிக்கு வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1922 அக்டோபர் 30ஆம் தேதி காலை, மிலானிலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த ரயிலின் படுக்கைப் பெட்டியிலிருந்து 39 வயதுக்காரர் ஒருவர் ரோமில் இறங்கினார். அன்றே அவர் இத்தாலியின் பிரதமர். அப்போது நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்தது 535இல் 35 இடம்தான். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

முசோலினி தேர்தலில் ஜெயித்து வந்தாரா, புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தாரா?

இரண்டும் இல்லை. அரசர் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார். புரட்சி செய்தோம் என்று பாசிஸ்டுகள் பிற்பாடு இருபது வருடம் விழா எடுத்தார்கள். அது அவர்கள் கட்டிய கதை. தெருவில் அடிதடி நடந்தது உண்மை, கொலைகள் நடந்ததும் உண்மை. ஆனால் பிரதமர் நாற்காலி சட்டப்படிதான் கைமாறியது. கொடுத்தவர்கள் எல்லோரும் கோட்டு சூட்டு போட்ட கண்ணியவான்கள்.

இத்தாலி முதல் உலகப் போரில் ஜெயித்த நாடுதானே? ஏன் அவ்வளவு தடுமாற்றம்?

ஜெயித்த நாடுதான், ஆனால் தோற்ற நாட்டின் மனநிலையில் இருந்தது. சுமார் ஆறு லட்சம் வீரர்கள் இறந்திருந்தார்கள். 1915இல் லண்டனில் போட்ட ரகசிய ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் வாக்களித்த நிலங்களில் ஒரு பகுதி கைக்கு வரவில்லை. கவிஞர் தானுன்சியோ இதை 'ஊனமாக்கப்பட்ட வெற்றி' என்றார்; அந்தச் சொல் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. 1919 செப்டம்பரில் அவரே ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு போய் ஃபியூமே துறைமுக நகரத்தைப் பிடித்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தனி ராஜ்யம் நடத்தினார். அவரை உடனே வெளியேற்ற அரசாங்கத்துக்குத் துணிவில்லை. பால்கனிப் பேச்சு, கருஞ்சட்டை, கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு ஒரே குரலில் பதில் வாங்குவது எல்லாம் ஃபியூமேயில் ஒத்திகை பார்க்கப்பட்டவைதான். முசோலினி அதை நன்றாகவே கவனித்தார்.

இன்னொரு பக்கம் விலைவாசி ஏறியது, ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை இல்லை. 1919, 1920 இரண்டு வருடமும் வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. 1920 செப்டம்பரில் வடக்கு நகரங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரஷ்யாவில் நடந்தது இங்கேயும் நடக்கப்போகிறது என்று முதலாளிகளுக்குக் கிலி. உண்மையில் அப்படி ஒரு புரட்சிக்குத் தொழிற்சங்கத் தலைவர்களே தயாராக இல்லை. சில வாரத்தில் அது தானாக ஓய்ந்தது. ஆனால் கிலி மட்டும் ஓயவில்லை.

அப்போது இத்தாலியில் இருந்தது முழு ஜனநாயகமா?

அரைகுறை. 1848இல் ஓர் அரசர் கொடுத்த சாசனம்தான் அரசியலமைப்பு. அதைச் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றிவிடலாம். தடுக்கத் தனி நீதிமன்றம் கிடையாது. பிரதமரை நியமிப்பது அரசர். பெண்களுக்கு ஓட்டு இல்லை. 1919இல் விகிதாசாரத் தேர்தல் முறை வந்ததும் பழைய லிபரல் கனவான்களின் கையிலிருந்து நாடாளுமன்றம் நழுவியது. சோசலிஸ்டுகள் 156 இடம், கத்தோலிக்க மக்கள் கட்சி 100 இடம். இந்த இரண்டும் சேர்ந்தால் ஆட்சி அமைக்கலாம். ஆனால் ஒன்று கடவுளை நம்பாத கட்சி, மற்றொன்றைத் தொடங்கியவரே பாதிரியார் ஸ்டுர்சோ. சேரவே இல்லை. 1919 நடுவிலிருந்து 1922 அக்டோபர் வரை நாடு நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

முசோலினி முதலில் சோசலிஸ்ட் என்பது நிஜமா?

நிஜம். அப்பா கொல்லர், தீவிர சோசலிஸ்ட். அம்மா பள்ளி ஆசிரியை. மகன் சோசலிஸ்ட் கட்சியின் 'அவந்தி' நாளிதழுக்கே ஆசிரியராக இருந்தார். 1914இல் இத்தாலி போரில் இறங்க வேண்டும் என்று திடீரென்று எழுத ஆரம்பித்ததும் கட்சி அவரை நீக்கியது. உடனே சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பணம்? தொழிலதிபர்களிடமிருந்து வந்தது, பிரான்சிலிருந்து வந்தது. 1917இல் போருக்கு ஆதரவாக எழுதப் பிரிட்டிஷ் உளவுத்துறை வாரம் 100 பவுண்டு கொடுத்ததாகவும் ஆவணம் இருக்கிறது. தேசபக்திக்கு வாரச் சம்பளம்.

'பாசிசம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இத்தாலிய மொழியில் 'ஃபாஷோ' என்றால் கட்டு, கத்தை. பழைய ரோமில் அதிகாரிகளுக்கு முன்னால் தூக்கிப்போன, கோடாலி செருகிய குச்சிக்கட்டையும் அது நினைவூட்டும். ஆனால் ஆரம்பத்தில் அந்தச் சொல்லுக்கு வலதுசாரி வாசனை எதுவும் இல்லை. 1890களில் சிசிலியின் ஏழை விவசாயிகள் தங்கள் சங்கங்களுக்கு வைத்த பெயரே அதுதான். 1919 மார்ச் 23 அன்று மிலானில் ஒரு மண்டபத்தில் முன்னாள் சிப்பாய்களையும் பழைய இடதுசாரிகள் சிலரையும் கூட்டி முசோலினி தன் அமைப்பைத் தொடங்கியபோது, பெண்களுக்கு ஓட்டு, எட்டு மணி நேர வேலை என்றெல்லாம்தான் பேசினார்கள். அடுத்த மாதமே அவர்கள் ஆட்கள் போய் எரித்தது, அவரே ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த 'அவந்தி' அலுவலகத்தை.

அப்புறம், கருஞ்சட்டை என்றதும் நமக்குப் பெரியார் தொண்டர்கள் நினைவுக்கு வருவார்கள். நிறம்தான் ஒன்று, அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்தாலியக் கருஞ்சட்டை போர்க்கால அதிரடிப் படையினரின் உடையிலிருந்து வந்தது.

முதல் தேர்தலில் என்ன ஆனது?

மண்ணைக் கவ்வினார்கள். 1919 நவம்பரில் மிலானில் முசோலினியின் பட்டியலுக்கு ஐயாயிரம் ஓட்டுகூட விழவில்லை. சோசலிஸ்டுகள் அவர் பெயரில் ஒரு சவப்பெட்டி செய்து தெருவில் ஊர்வலம் விட்டார்கள்.

பிறகு எப்படி மூன்றே வருடத்தில் அந்த உயரம்?

இந்தக் கதையின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது, அதுவும் நகரத்தில் இல்லை, வயல்காட்டில். வடக்கே போ நதிச் சமவெளி. ஃபெராரா, பொலோன்யா, கிரெமோனா வட்டாரம். நம் காவிரிப் படுகையைப் போலச் செழிப்பான பூமி. பெரிய பண்ணைகள், நிலமே இல்லாத லட்சக்கணக்கான கூலியாட்கள். போர் முடிந்ததும் கூலியாட்களின் சங்கங்கள் பலம் பெற்றன. யாரை வேலைக்கு எடுப்பது, எவ்வளவு நிலத்துக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்பதைச் சங்கமே தீர்மானித்தது. சங்கத்தை மீறி ஆள் வைத்த பண்ணையாருக்கு அபராதம், ஒதுக்கிவைப்பு. நகராட்சிகளும் சோசலிஸ்டுகள் கையில். பண்ணையார்களுக்குத் தங்கள் சொந்த நிலத்திலேயே அந்நியராகிவிட்ட உணர்வு. போர்க்காலத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிப் புதிதாக மேலே வந்த சிறு விவசாயிக்கும் அதே எரிச்சல். சங்கம் எல்லா நிலத்தையும் பொதுவாக்கிவிடும் என்ற பயம் வேறு.

1920 நவம்பர் 21 அன்று பொலோன்யாவில் புதிய சோசலிஸ்ட் நகராட்சி பதவியேற்ற நாளில் பாசிஸ்டுகள் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அதிலிருந்து மடை திறந்தது. நகரத்து இளைஞர்கள், மாணவர்கள், முன்னாள் ராணுவ அதிகாரிகள் லாரியில் ஏறி இரவில் கிராமத்துக்குப் போவார்கள். சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவார்கள், கூட்டுறவுக் கடையை நொறுக்குவார்கள், சங்கச் செயலாளரை வீட்டிலிருந்து இழுத்துப் போட்டுத் தடியால் அடிப்பார்கள். பிறகு அவர் வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். நம் வீடுகளில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். லிட்டர் கணக்கில் ஊற்றினால் ஆள் செத்தும் போகலாம். சாகாவிட்டாலும், ஊர் முன்னால் அசிங்கப்பட்டு நின்றவர் மறுபடி தலைவராக நிமிர முடியுமா? அதைத்தான் எதிர்பார்த்தார்கள். லாரிக்கும் பெட்ரோலுக்கும் பண்ணையார்கள் பணம் கொடுத்தார்கள்.

சங்கம் உடைந்த ஊரில் வேலை வேண்டுமென்றால் பாசிஸ்ட் சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தார்கள், வேறு வழி? 1920 கடைசியில் சுமார் இருபதாயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஃபெராராவில் பால்போ, கிரெமோனாவில் ஃபாரினாச்சி, பொலோன்யாவில் கிராந்தி என்று வட்டாரத் தளபதிகள் முளைத்தார்கள். எத்தியோப்பியச் சிற்றரசர்களின் பட்டத்தை எடுத்து இவர்களை 'ராஸ்' என்று அழைத்தார்கள். 1921 ஆகஸ்டில் சோசலிஸ்டுகளுடன் சமாதான ஒப்பந்தம் போட்டுப் பார்த்த முசோலினியையே இவர்கள் மதிக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு ராஜினாமா நாடகம் ஆடிவிட்டு, கடைசியில் இவர்கள் வழிக்கே வந்தார்.

போலீஸ் எங்கே போனது?

பல இடங்களில் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தது. சோசலிஸ்டுகள் தங்களை வருடக்கணக்காக ஏசியதைப் போலீசும் ராணுவ அதிகாரிகளும் மறக்கவில்லை. ஆயுதமும் வண்டியும் இரவல் கொடுத்ததும் உண்டு. 1922 ஜூலை கடைசியில் ராவென்னாவில் நடந்ததைப் பால்போவே நாட்குறிப்பில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். என் ஆட்களை ஊரை விட்டுக் கூட்டிப்போக லாரி கொடுங்கள், இல்லாவிட்டால் சோசலிஸ்டுகளின் வீடுகளைக் கொளுத்துவேன் என்று போலீஸ் தலைவரை மிரட்டினார். சனியன் தொலைந்தால் சரி என்று அவரும் லாரிகளைக் கொடுத்தார். அந்த லாரிகளிலேயே ஏறி, ஒரு பகலும் இரவும் ஊர் ஊராகச் சோசலிஸ்ட் கட்டடங்களை எரித்துக்கொண்டு போனார்கள்.

எதிர்த்து நின்றவர்களே இல்லையா?

இருந்தார்கள். 1922 ஆகஸ்டில் பார்மா நகரத்தின் ஏழைத் தெருக்களில் மக்கள் கல்லைப் பெயர்த்து, மேசை நாற்காலிகளை அடுக்கித் தடுப்பு கட்டினார்கள். பால்போ ஆயிரக்கணக்கான ஆட்களோடு வந்தும் நுழைய முடியாமல் திரும்பினார். ஆனால் அது விதிவிலக்கு. இடதுசாரிகள் தங்களுக்குள் பிரிவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். 1921 ஜனவரியில் கம்யூனிஸ்டுகள் பிரிந்தார்கள். 1922 அக்டோபரில், ரோம் பேரணிக்குச் சில வாரம் முன்னால், மிதவாதிகளும் பிரிந்தார்கள். எந்த முதலாளித்துவ அரசிலும் சேரமாட்டோம் என்று மூன்று வருடம் வீம்பு பிடித்த பிறகு, மிதவாதத் தலைவர் துராத்தி 1922 ஜூலை கடைசியில் அரசரைப் போய்ப் பார்த்தார். அதற்குள் தலைக்கு மேல் வெள்ளம்.

லிபரல் தலைவர்கள் ஏன் பாசிஸ்டுகளோடு கைகோத்தார்கள்?

ஜியோலிட்டியைக் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து முறை பிரதமரானவர், இத்தாலிய அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். யாரையும் அரவணைத்து அடக்கிவிடலாம் என்பது அவர் அனுபவம். முன்பு பலரிடம் அது பலித்தும் இருந்தது. 1921 மே தேர்தலில் தன் தேசியக் கூட்டணியில் பாசிஸ்டுகளைச் சேர்த்துக்கொண்டார். நோக்கம், சோசலிஸ்டுகளைத் தட்டிவைப்பது. பாசிஸ்டுகள் கொஞ்ச நாளில் நாடாளுமன்றப் பழக்கத்துக்கு வந்து சாதுவாகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். அந்தத் தேர்தலில்தான் 35 பேர் உள்ளே வந்தார்கள். முசோலினிக்கு அதைவிடப் பெரிய லாபம், இனி அவர் ரவுடி இல்லை, மரியாதைப்பட்ட மனிதர்களின் கூட்டாளி. அவையில் உட்கார்ந்ததுமே ஜியோலிட்டியை எதிர்க்க ஆரம்பித்தார்.

ரோம் பேரணி என்பது உண்மையில் என்ன?

காகிதத்தில் படையெடுப்பு, நிஜத்தில் மழையில் நனைந்த கூட்டம். அக்டோபர் 27, 28 தேதிகளில் சில ஊர்களில் தபால் நிலையம், ஆட்சியர் அலுவலகம் என்று பிடித்தார்கள். ரோமைச் சுற்றி மூன்று இடங்களில் சேர்ந்தார்கள். பலரிடம் வேட்டைத் துப்பாக்கி, சிலரிடம் வெறும் தடி. சாப்பாடு இல்லை. ரயில்களை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். நகரத்துக்குள் நல்ல ஆயுதங்களோடு முறையான ராணுவம் இருந்தது. முசோலினி அந்தக் கூட்டத்திலேயே இல்லை. மிலானில் தன் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தார். அங்கிருந்து சுவிஸ் எல்லை பக்கம்.

பிரதமர் ஃபாக்தாவின் அமைச்சரவை 28ஆம் தேதி விடியற்காலையில் கூடி ராணுவச் சட்டம் கொண்டுவர முடிவெடுத்தது. மாவட்டங்களுக்குத் தந்தி போனது, ரோம் சுவர்களில் சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள். மிச்சம் அரசரின் கையெழுத்து மட்டும். காலை ஒன்பது மணி வாக்கில் ஃபாக்தா தாளை நீட்டினார். மூன்றாம் விக்டர் இமானுவேல் மறுத்துவிட்டார். ஒட்டிய சுவரொட்டிகளுக்கு அர்த்தமில்லாமல் போனது.

அதற்குப் பிறகும் முசோலினிதான் என்று முடிவாகவில்லை. பழைய வலதுசாரித் தலைவர் சலாந்திராவை ஆட்சி அமைக்கச் சொல்லி, முசோலினிக்கு அதில் பங்கு தரலாம் என்று பேசினார்கள். மிலானிலிருந்து தொலைபேசியில், முடியாது என்று பதில் வந்தது. சலாந்திரா ஒதுங்கிக்கொண்டார். அரசரின் அழைப்பு எழுத்தில் வந்தால்தான் கிளம்புவேன் என்று முசோலினி பிடிவாதம் பிடித்தார். தந்தி வந்தது. 29 இரவு ரயில் ஏறினார். கருஞ்சட்டைக்காரர்கள் ரோம் தெருக்களில் அணிவகுத்துப் போனது 31ஆம் தேதி, அவர் பிரதமரான பிறகு.

அரசர் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடும் விஷயம். உள்நாட்டுப் போர் வந்துவிடும் என்று பயந்தார். ராணுவத்தின் உயர் அதிகாரிகளில் பலர் பாசிஸ்டுகளின் அனுதாபிகள். சித்தப்பா மகனான ஆவோஸ்தா கோமகனைப் பாசிஸ்டுகள் அரியணையில் ஏற்றிவிடுவார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. ராஜினாமா மனநிலையில் இருந்த ஃபாக்தாவை நம்பி இறங்க அவருக்கு விருப்பமில்லை. என் கருத்து: ஒரு காரணம் போதும், மற்றவை துணை. சோசலிஸ்டுகளைச் சுட உத்தரவு போடச் சொல்லியிருந்தால் இத்தனை யோசனை வந்திருக்காது.

பிரதமரானதும் சர்வாதிகாரி ஆகிவிட்டாரா?

இல்லை, நான்கு வருடம் ஆனது. முதல் அமைச்சரவையில் பாசிஸ்டுகள் சிறுபான்மை. லிபரல்கள், கத்தோலிக்கர்கள், போர் வீரரான ஜெனரல் தியாஸ் எல்லோரும் இருந்தார்கள். நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் பேசும்போது, இந்தச் சாம்பல் நிற மண்டபத்தை என் ஆட்களின் கூடாரமாக்கியிருக்க முடியும், இப்போதைக்குச் செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதைக் கேட்டுவிட்டு 306 பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், 116 பேர் எதிராக. கருஞ்சட்டை அடியாட்களை 1923இல் அரசுச் சம்பளத்தில் தொண்டர் படையாக்கினார்.

அதே வருடம் ஆசெர்போ சட்டம் வந்தது. நான்கில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி முதலிடம் பிடிக்கும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம். இதற்கும் லிபரல்கள் ஆதரவு. 1924 ஏப்ரல் தேர்தலில் மிரட்டல், அடிதடி எல்லாம் சேர்ந்து சுமார் 65 சதவீத ஓட்டு விழ, அந்தச் சட்டமே தேவைப்படவில்லை.

மத்தேயோட்டி யார்?

மிதவாத சோசலிஸ்ட் கட்சியின் செயலாளர். பணக்கார நிலக்குடும்பத்தில் பிறந்து கூலியாட்கள் பக்கம் நின்றவர். கணக்குப் புலி. 1924 மே 30 அன்று, கூச்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவே எழுந்து, எங்கே யாரை அடித்தார்கள், எந்த ஊரில் ஓட்டுப் போடவிடவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, தேர்தலே செல்லாது என்றார். உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர்களிடம், என் இரங்கல் உரையைத் தயார் செய்யுங்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

ஜூன் 10 மாலை, வீட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்கு டைபர் ஆற்றோரம் நடந்து போனவரை ஒரு காரில் தூக்கிப் போட்டார்கள். முந்தைய நாளே அந்தக் கார் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, திருட வந்தவர்களோ என்று அந்தத் தெருவின் காவல்காரர் வண்டி எண்ணைக் குறித்து வைத்திருந்தார். அந்த எண் போய் நின்ற இடம் ஒரு பாசிஸ்ட் பத்திரிகையின் ஆசிரியர். கடத்திய கும்பலின் தலைவன் துமினி முசோலினியின் பத்திரிகைத் தொடர்பு அலுவலகத்தோடு நெருங்கியவன். ஆகஸ்ட் 16 அன்று ரோமுக்கு வெளியே ஒரு காட்டில் உடல் கிடைத்தது.

நாடு கொதித்தது. கட்சிச் சின்னத்தைச் சட்டையிலிருந்து கழற்றி எறிந்தவர்கள் ஏராளம். முசோலினி உண்மையிலேயே ஆடிப்போன ஒரே சமயம் இது.

அப்போதாவது அவரை இறக்கியிருக்கலாமே?

இறக்கியிருக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அவையை விட்டு வெளியேறினார்கள். லிபரல் எதிர்க்கட்சித் தலைவர் அமெண்டோலா போன்றவர்கள், அரசர் மனசாட்சியோடு நடந்துகொள்வார், ஆதாரத்தைக் கொடுத்தால் பதவி நீக்குவார் என்று காத்திருந்தார்கள். அரசர் அசையவில்லை. அவையில் எதிர்க்க ஆளும் குறைந்துபோனது. செனட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தபோது 225 பேர் முசோலினி பக்கம், 21 பேர் எதிர்ப்பு. அந்த 225இல் பெரும் தத்துவ அறிஞர் பெனெதெத்தோ குரோச்சேவும் ஒருவர். பாசிசத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று அவரும் நம்பினார். அடுத்த வருடமே எதிர்ப்பு அறிக்கை எழுதினார். அதற்குள் பூட்டு விழுந்துவிட்டது.

ஆறு மாதம் காத்திருந்து, யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் எழுந்து, நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு, பாசிசம் குற்றவாளிக் கும்பல் என்றால் அதன் தலைவன் நான் என்று சொன்னார். முடிந்தால் என்மேல் வழக்குப் போடுங்கள் என்று சவாலும் விட்டார். யாரும் போடவில்லை. கொலைகாரர்கள் மேல் நடந்த வழக்கில் அவர்களுக்காக வாதாடியவர், அப்போது கட்சிச் செயலாளராக இருந்த ஃபாரினாச்சி. லேசான தண்டனை, சீக்கிரமே விடுதலை.

கதவு எப்போது முழுதாகச் சாத்தப்பட்டது?

1926 நவம்பரில். 1925 கடைசியிலேயே பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் ஆகியிருந்தது. 1926இல் முசோலினியைக் கொல்ல அடுத்தடுத்து முயற்சிகள் நடந்தன. அயர்லாந்துப் பெண் ஒருவர் சுட்ட குண்டு மூக்கை உரசிப் போனது. அக்டோபர் கடைசியில் பொலோன்யாவில் நடந்த முயற்சியைச் சாக்காக வைத்து மற்றக் கட்சிகளுக்குத் தடை, எதிர்க்கட்சி உறுப்பினர்களின் பதவி பறிப்பு, தனி நீதிமன்றம், மரண தண்டனை எல்லாம் வந்தன. நவம்பர் 8 இரவு கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிராம்சியைக் கைது செய்தபோது அவர் இன்னும் நாடாளுமன்ற உறுப்பினர்.

ரயில்களைச் சரியான நேரத்துக்கு ஓட வைத்தாராமே?

முக்கியமான சில தடங்களில் நிலைமை மேம்பட்டது, வெளிநாட்டுப் பயணிகள் அதைத்தான் பார்த்தார்கள். சீரமைப்பு வேலையின் ஒரு பகுதி அவர் வருவதற்கு முன்பே தொடங்கியது. உள்ளூர் ரயில்கள் பழையபடியே தாமதமாக வந்தன, ஆனால் அதைப் பற்றி எழுதப் பத்திரிகை இல்லை.

ஹிட்லரும் இதே வழியில்தான் வந்தாரா?

பார்த்துப் படித்தார். 1923 நவம்பரில் மியூனிக்கில் அவர் செய்த கலகம் ரோம் பேரணியின் நகல்தான். அங்கே போலீஸ் சுட்டது, அவர் சிறைக்குப் போனார். 1933 ஜனவரியில் அவரும் நியமனத்தால்தான் வந்தார், அவரைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று முன்னாள் பிரதமர் பாப்பன் போன்ற கனவான்கள் கணக்குப் போட்டார்கள். வித்தியாசம், அவர் கட்சி அப்போது நாட்டிலேயே பெரிய கட்சி. முசோலினிக்கு நான்கு வருடம் பிடித்த வேலையை அவர் சில மாதங்களில் முடித்தார்.

அரசருக்கு என்ன ஆனது?

1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியதும், பாசிஸ்ட் பெருமன்றமே முசோலினிக்கு எதிராக ஓட்டுப் போட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பொலோன்யாவின் பழைய ராஸ் கிராந்தி. மறுநாள் வழக்கம்போல அரசரைப் பார்க்கப் போன முசோலினியிடம், உங்கள் இடத்துக்கு வேறொருவரை நியமித்துவிட்டேன் என்றார் விக்டர் இமானுவேல். வெளியே வந்தவரை ஓர் ஆம்புலன்சில் ஏற்றிக் கைது செய்து கொண்டுபோனார்கள். இருபத்தொரு வருடம் அரசர் கையிலேயே இருந்த அதிகாரம்தான் அது. 1848 சாசனத்தை யாரும் ரத்து செய்யவே இல்லை. 1946 ஜூனில் இத்தாலிய மக்கள் ஓட்டுப் போட்டு முடியாட்சியை ஒழித்தபோது, பெண்களுக்கும் ஓட்டு இருந்தது.